குழாயில் ஓடும் இரசாயனம்

இரசாயனத் தொழிற்சாலைக்குப் பிள்ளையை அனுப்பலாமா என்று நம் சங்கத்துத் தாய்மார் சிலர் வினவுகின்றனர். 1984 டிசம்பரில் போபாலில் நள்ளிரவில் நேர்ந்ததை அறிந்தோர்க்கு அவ்வச்சம் இயல்பே. பெருந்தொட்டியில் தேக்கிவைத்திருந்த மீதைல் ஐசோசயனேட்டில் நீர் புகுந்தது. சுமார் 40 டன் நச்சு ஊர்மேல் பரவிற்று. அவ்வளவு நஞ்சைத் தேக்கி வைத்ததே அக்கொடுமைக்கு வேர் என்பது நம் எண்ணம்.

குஜராத்தின் அங்கலேஸ்வரில் நாம் பணியாற்றிய நாளில் எங்கும் பெருங்கலன்களே. ஆயிரக்கணக்கான லிட்டர் திரவத்தை ஒருங்கே இட்டுக் கிளறுவோம். நைட்ரேஷன் போன்ற வினைகள் வெப்பத்தைக் கக்குபவை. குப்பியில் மாதிரி எடுத்துக்கொண்டு பரிசோதனைச் சாலைக்கு விரைவோம். விடை வர ஒரு மணியும் ஆகும். அதற்குள் கலனின் நிலையே மாறியிருக்கும். இரவு ஷிப்டில் வெப்பமானி ஏறுவதை நோக்கியவண்ணம் அவ்விடைக்குக் காத்திருந்தது போன்ற நெடும்பொழுதை நாம் வேறெங்கும் கண்டதில்லை.

இப்பொழுது பரவிவரும் தொடர் ஓட்ட முறை வேறு. மெல்லிய குழாய்களில் பம்புகள் திரவங்களைச் செலுத்த, அவை கூடி ஓடுகையிலேயே வினை நிகழ்கிறது. எந்நொடியிலும் உள்ளிருப்பது சிறிதளவே. சூடும் குழாய்ச் சுவர் வழியே விரைந்து வெளியேறும். ஆயினும் மணிக்கொரு குப்பி இதற்குப் போதாது. விடை வருமுன் கெட்ட சரக்கு தொட்டியில் சேர்ந்துவிடும். ஆகவே குழாயிலேயே சிறு சாளரம் வைத்து லேசர் ஒளியைப் பாய்ச்சுகின்றனர். சிதறிவரும் ஒளியின் நிறமாற்றம் ஒவ்வொரு பொருளுக்கும் வெவ்வேறு. மூலப்பொருள் எவ்வளவு எஞ்சிற்று, விளைபொருள் எவ்வளவு உண்டாயிற்று என்பதைச் சில நொடிக்கொருமுறை திரையில் காணலாம். பிழை தெரிந்தால் வால்வு திரும்பி அப்பகுதியை ஒதுக்கிவிடும்.

அவ்வொளி மாற்றத்தைக் கண்டவர் திருச்சியில் பிறந்த சி.வி. ராமன். 1907-இல் நிதித்துறை உத்தியோகத்திற்காகக் கல்கத்தா சென்றவர். அலுவலகம் செல்லுமுன்னும் திரும்பிய பின்னும் பௌபஜார் தெருவின் ஆராய்ச்சிக் கூடத்தில் உழைத்தார். பின்னர் பேராசிரியராகி, கே.எஸ். கிருஷ்ணன் துணைநிற்க, 1928 பிப்ரவரி 28 அன்று அதைக் கண்டார். உத்தியோகத்தின் பொருட்டு ஊர்விட்டு வந்த நாம் இதில் சற்றே பெருமை கொள்ளலாம்.

குறைகளும் உள. சில பொருள்கள் லேசர் பட்டதும் தாமே ஒளிர்ந்து ராமன் ஒளியை மூழ்கடித்துவிடும். அங்கே அகச்சிவப்புக் கருவி வேண்டும். படிவு சேர்ந்தால் குழாய் அடைபடும். கருவியையும் அளவறிந்த மாதிரிகளைக் காட்டிப் பழக்கவேண்டும். பழகாத பொருள் வந்தால் அது தடுமாறும். ஆதலின் குப்பி இன்னும் ஓய்வு பெறவில்லை.

பிள்ளை சேரும் ஆலையில் பெருங்கலனா குழாயா என்று தாய்மார் முதலில் கேட்கட்டும். பெருங்கலனாயின், மாதிரி எடுப்போர்க்கு முகக்கவசமும் கையுறையும் தருகின்றார்களா என்பது அடுத்த கேள்வி.