ஆதாரம் கேட்கும் வகுப்பு

மலேசியாவில் ஐந்தாம் படிவம் முடிக்கும் பிள்ளை மற்றப் பாடங்களில் எல்லாம் ‘ஏ’ வாங்கினாலும், மலாய் மொழியிலும் வரலாற்றிலும் தேறாவிட்டால் எஸ்.பி.எம். சான்றிதழ் கிடைக்காது. மலாய் மொழிக்கு இந்த விதி முன்பே இருந்தது. வரலாறு அதோடு சேர்ந்தது 2013இல். தமிழ்நாட்டில் துறையூர்ப் பக்கம் படித்து வளர்ந்த எனக்கு இது வியப்பாக இருந்தது. எங்கள் ஊரில் பத்தாம் வகுப்புவரை சமூக அறிவியலில் ஒரு பகுதியாக வரும் வரலாறு, அதற்குமேல் அந்தக் குரூப் எடுத்தவர்களின் பாடு. கல்யாணமாகி மலாக்காவுக்கு வந்து, மகள் ஜாசின் வட்டாரத்து இடைநிலைப்பள்ளியில் நான்காம் படிவம் ஏறியபோதுதான் இந்தப் பாடம் எங்கள் வீட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்தது.

ஆண்டுத் தொடக்கத்தில் வரலாற்று ஆசிரியை ஒரு தாள் கொடுத்தனுப்பினார். பெற்றோர் படித்துக் கையெழுத்திட வேண்டும். பாடநூல் அரசாங்கம் இரவல் தருவது, அதில் பேனா படக்கூடாது. பள்ளிக்கு வராத நாளுக்குக் கடிதம் வேண்டும். கைப்பேசி கொண்டுவரக்கூடாது. ஒப்படைப்பு தாமதமானால் காரணத்தை எழுதித் தரவேண்டும். இவை எல்லாப் பள்ளியிலும் உள்ளவை. தாளின் பின்பக்கம்தான் என்னைப் பிடித்து நிறுத்தியது.

கட்டுரை விடையில் ஒவ்வொரு கருத்துக்கும் ஃபாக்தா, ஹுராயான், சொந்தோ மூன்றும் இருக்கவேண்டும். அதாவது தகவலைச் சொல்லி, விளக்கி, எடுத்துக்காட்டும் தரவேண்டும். ‘எல்லாருக்கும் தெரிந்ததே’ என்று எழுதினால் மதிப்பெண் இல்லை. இன்னோர் இனத்தைப் பற்றிப் பேசும்போது அந்த இனத்துப் பிள்ளை அடுத்த நாற்காலியில் இருப்பது நினைவிருக்க வேண்டும். பெரியவர்களிடம் கேட்டு எழுதினால் யாரிடம், எங்கே, எந்தத் தேதியில் என்று குறிக்கவேண்டும். அவர்கள் சொன்னதோடு இரண்டாவது ஆதாரம் ஒன்றும் வேண்டும்.

ஆறாண்டு தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டு மலாயில் வரலாறு எழுதப்போகும் பிள்ளைகளுக்கு இது லேசான காரியமில்லை. எஸ்.பி.எம். முதல் தாள் ஒரு மணி நேரத்தில் 40 கேள்விகள், அதை ஒப்பேற்றிவிடலாம். இரண்டரை மணி நேரம் எழுதும் இரண்டாம் தாளில்தான் திணறுகிறார்கள். அதனால் டியூஷனில் விடையை மனப்பாடம் செய்து, பரீட்சை முடிந்த மறுநாளே மறந்துவிடுகிறார்கள்.

மலாக்காவில் அப்படி மறப்பது அநியாயம். புத்தகத்தில் உள்ள இடங்களுக்கு இங்கே பஸ் ஏறிப் போகலாம். 1956 பிப்ரவரி 20ஆம் தேதி துங்கு அப்துல் ரஹ்மான் சுதந்திர நாளை அறிவித்த திடல் பண்டார் ஹிலிரில் இருக்கிறது. 1830களின் தொடக்கத்தில் உள்ளூர்த் தலைவர் டோல் சாயிட் பிரிட்டிஷ்காரர்களோடு மோதிய நானிங், அலோர் காஜா பக்கம். தங்காசாரித் தெருவிலிருக்கும் பொய்யாத விநாயகர் கோயில் 1781இல் மலாக்கா செட்டிகள் கட்டியது. 1896இல் டான் சே யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பரை வணிகப் பயிராக நட்டார். தோட்டத்துத் தமிழர்களின் கதைக்கு அந்த நடவும் ஒரு தொடக்கம். ஆனால் அந்த மரங்களைச் சீவியவர்களுக்குப் பாடநூலில் கிடைப்பதோ சில வரிகள்தான்.

இதைச் சொல்லித்தான் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் தேநீர்க் கடையில் கொதிப்பார்கள். “நம்மளப் பத்தி புக்குல என்னா இருக்கு?” என்று ஆரம்பித்தால் பேச்சு ராஜேந்திர சோழனின் கடாரப் படையெடுப்பில் ஏறி, மலாக்காவை நிறுவிய பரமேஸ்வரன் தமிழனே என்று முடியும். குறை நியாயமானது. வாதம்தான் பலவீனமானது. ‘உங்கள் தாத்தா எந்த ஆண்டு வந்தார், எந்தத் தோட்டத்தில் பேர் பதிந்தார்?’ என்று கேட்டால் மேசை அமைதியாகிவிடும். ஆதாரம் பெருமையை மட்டும் கொண்டுவராது என்பதும் அங்கே யாருக்கும் பிடிக்காது. 1511இல் மலாக்காவைப் பிடித்த போர்த்துகீசியருக்குத் துணைநின்று, அவர்களிடம் பெண்டஹாரா என்னும் உயர் பதவி பெற்ற நீனா சத்து என்ற வணிகரும் நம் பக்கத்து ஆள்தான்.

மகளுக்கு வந்த ஒப்படைப்பு உள்ளூர் வரலாறு பற்றியது. அவள் தன் பாட்டி பால் வெட்டிய தோட்டத்தை எடுத்துக்கொண்டாள். விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஓடியது, பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டது, மண்டோர் திட்டியது, பால் நிறுக்கும்போது கணக்கு இடித்தது என்று என் மாமியார் சரளமாகச் சொன்னார். “ரெண்டாவது ஆதாரம் டீச்சர் கேக்குறாங்க பாட்டி” என்று மகள் சொன்னபோது அவருக்குக் கோபம். “நான் சொல்றது பத்தாதா? என் கையப் பாக்கச் சொல்லு.”

தேட ஆரம்பித்தோம். ரப்பர் போய்ச் செம்பனை வந்து, அதிலும் பாதி வீடமைப்புப் பகுதியாகிவிட்டது. ஆபீஸ் கட்டடமே இல்லை. சம்பளச் சீட்டுகளை லயத்தைக் காலிசெய்தபோது எரித்துவிட்டார்களாம். கடைசியில் மகளின் அத்தையின் டிரங்குப் பெட்டியில் கிடைத்தது மாரியம்மன் திருவிழா நோட்டீஸ். உபயகாரர் பெயர், டிவிஷன், கொடுத்த வெள்ளி எல்லாம் வரிசையாக அச்சாகியிருந்தன. என் மாமனார் பெயருக்கு நேரே ஐந்து வெள்ளி. ஆசிரியை அதை ஏற்றுக்கொண்டதோடு நிற்கவில்லை. இரண்டு டிவிஷன்கள் ஏன் வெவ்வேறு நாளில் உபயம் செய்தன என்று ஒரு பத்தி எழுதச் சொன்னார். அதற்கு விடை சாதியில் இருந்தது. மாமியார் அதைச் சொல்லத் தயங்கினார். பிறகு சொன்னார்.

தோட்டக் கதையின் மறுபாதி எங்கள் ஊரில் கிடக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. 1969இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானபோது தோட்டத்து மக்கள் ஆயிரக்கணக்கில் தமிழ்நாடு திரும்பினார்கள். துறையூர்ப் பக்கம் ‘மலாயாக்காரர் வீடு’ என்று சொல்லும் வீடுகள் உண்டு. சிறுவயதில் அதைப் பணக்காரப் பட்டம் என்றே நினைத்திருந்தேன். அந்தப் பரண்களில் பழைய கடவுச்சீட்டும், மணியார்டர் ரசீதும், லயத்திலிருந்து போட்ட கடிதமும் இருக்கக்கூடும். அக்காவுக்குப் போன் செய்து, தெரிந்த வீடுகளில் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.

1967இல் ஜாசின் வட்டாரத்துப் புக்கிட் அசாஹான் தோட்டத் தொழிலாளர்கள் நியாயம் கேட்டுக் கோலாலம்பூருக்கே நடந்து போனார்கள். என் மகளின் வகுப்பில் அதைக் கேள்விப்பட்ட பிள்ளை ஒன்றுகூட இல்லை. பாடநூலில் எதைச் சேர்ப்பது என்பது கல்வியமைச்சின் கையில் இருக்கிறது. அதற்காகக் கேட்டுக்கொண்டே இருக்கவும் வேண்டும். ஆனால் ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லிப் போகிறவர் கையில் தாள் இருக்கவேண்டும். கோயில் நோட்டீஸ், தமிழ்ப்பள்ளி ஆண்டு மலர், சங்கச் சந்தா அட்டை, குடியுரிமை இல்லாதவர்களின் சிவப்பு அடையாள அட்டை என்று தோட்டம் விட்டுவந்த வீடுகளில் இன்னும் மிச்சமிருப்பவற்றைப் படமெடுத்து, யார் எவர் என்று பாட்டிமார் சொல்லும்போதே பின்னால் எழுதிவைப்பது ஆண்டிறுதி விடுமுறையில் முடிகிற வேலை. எப்படிச் செய்வது என்று பிள்ளைகளுக்கு வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். பெட்டியைத் திறந்து கொடுக்க வேண்டியவர்கள் நாம்.