தொழிற்பெயர்கள்

மும்பையின் ஓர் அரசு மருத்துவமனையில் அந்தப் பிரிவின் பெயர்ப்பலகையில் 'வியவசாய' என்னும் சொல் இருக்கிறது. வணிகம், பிழைப்பு என்றே அங்கு அதற்குப் பொருள்கொள்வர். தமிழில் அதே சொல் விவசாயமாகி உழவுக்குரியதாயிற்று. பக்கவாதத்தால் வலப்பக்கம் செயலிழந்த கணவரை அழைத்துவந்த மூதாட்டி பலகையைப் படித்துவிட்டு, "இவர் ஓய்வுபெற்றுவிட்டாரே, இனி எதற்குத் தொழில்?" என்று கேட்டார்.

அங்குப் பணியாற்றும் இளம் ஆக்குபேஷனல் தெரபிஸ்டுக்கு இக்கேள்வி புதிதன்று. இந்தியாவில் இத்துறைக்கான முதல் பயிற்சிப் பள்ளியைக் கமலா நிம்ப்கர் இதே நகரின் கே.ஈ.எம். மருத்துவமனையில் 1950இல் தொடங்கினார். இன்றும் பிசியோதெரபியிலிருந்து இது எவ்வாறு வேறுபடுகிறது என்பதை ஒவ்வொரு குடும்பத்துக்கும் முதலிலிருந்து விளக்க வேண்டியிருக்கிறது. அந்தப் பெண் விளக்கத்தை ஒரு கேள்வியாகச் சுருக்கிவைத்திருக்கிறார்: "இந்தக் கையால் என்ன செய்ய விரும்புகிறீர்கள்?"

முதியவர் விரும்பியது, தாமே உண்பது. பருத்த பிடியுள்ள கரண்டியை மறுத்தார். இடக்கையால் உண்ணச் சொன்னபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனவே தெரபிஸ்ட் ஒரு கவளத்தைப் பகுத்துப் பார்த்தார்: விரல்கள் குவிய வேண்டும், சிந்தாமல் மணிக்கட்டு திரும்ப வேண்டும், முழங்கை மடங்க வேண்டும், இறுதியில் கட்டைவிரல் உணவை வாய்க்குள் தள்ள வேண்டும். ஈரத்துணியின்மேல் விளிம்புயர்ந்த தட்டு, அதில் குழைந்த கிச்சடி, முழங்கைக்கு மேசையின் தாங்கல் என ஏற்பாடாயிற்று.

கையைவிடக் கடினமாக இருந்தது மனைவியின் அன்பு. ஐந்து மாதங்களாக அவரே ஊட்டிவந்தார். "காகூ, இனி ஊட்டாதீர்கள்" என்று சொல்வது தெரபிஸ்டுக்கே கொடுமையாகத் தோன்றியது. முதல் கவளம் சிந்தியதும் துடைக்க எழுந்த மூதாட்டியின் கையை மெல்லப் பற்றி அமரவைத்தார். நான்காம் கவளத்தில் பாதி வாய்க்குள் சென்றது. மூதாட்டி அழுதார். இனித் தம்மால் ஆகவேண்டியது எதுவும் இராதோ என்னும் அச்சமும் அவ்வழுகையில் கலந்திருந்ததை அவரே பின்னொரு நாள் சொன்னார்.

'தொழில்' என்று இச்சிகிச்சையைத் தமிழில் பெயர்த்தது பிழை என்போர் உண்டு. ஆனால் நம் இலக்கணத்தில் உண்ணல், உடுத்தல், நடத்தல் யாவும் தொழிற்பெயர்களே. அங்குத் தொழில் என்பது செயல். ஊதியத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. அன்று நோயாளியின் கோப்பில் ஏறிய குறிப்பும் தமிழில் சொன்னால் அத்தகைய ஒரு பெயரிலேயே தொடங்கும்: உண்ணல், பகுதி உதவியுடன்.