துணிவு பயிலும் முற்றம்

அச்சமும் நாணமும் பெண்ணுக்கு அணிகலன் என்று சொல்லி வளர்த்த காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலம் மலையேறிவிட்டது என்று இன்று மேடைதோறும் பேசுகிறோம். ஆனால் மேடையைவிட்டு இறங்கி வீட்டு வாசலை மிதித்தால், "பெரியவங்க பேசும்போது பொம்பளப் பிள்ளைக்கு என்ன பேச்சு?" என்ற குரல் இன்னும் கேட்கத்தான் செய்கிறது. அந்தக் குரலுக்கு முன் மரியாதை குறையாமலும், நா குழறாமலும் நின்று தன் கருத்தைச் சொல்ல ஒரு பெண்ணுக்கு எது துணை செய்யும்? இந்த ஆண்டோடு பள்ளியைவிட்டு வெளியேறும் நாங்கள், எங்கள் தங்கையருக்குச் சொல்லிவிட்டுப் போக விரும்புவது இதைப் பற்றித்தான்.

துணிவு பிறவிக்குணம் என்பர் சிலர். படித்தால் தானே வந்துவிடும் என்பர் வேறு சிலர். படிப்பு மட்டும் அதைக் கொடுத்துவிடுவதில்லை என்பதற்கு நாங்களே சான்று. "பெண் விடுதலை" என்ற தலைப்பில் முழங்கிப் பரிசுக்கோப்பை பெற்றவர்கள் எங்களுள் உண்டு. அஞ்சலகத்தில் சேமிப்புக் கணக்குக்கான படிவம் ஒன்றைக் கேட்டு வாங்க அண்ணனைத் துணைக்கு அழைத்தவர்களும் அவர்களே. மனப்பாடம் செய்த சொல்லுக்கும் மனத்தில் ஊறிய துணிவுக்கும் இடையே உள்ள தூரம் அவ்வளவு! அந்தத் தூரத்தை நடந்து கடக்க எங்களுக்குக் கற்பித்தவை இரண்டு. ஒன்று, வெள்ளிக்கிழமை மாலையில் கூடும் சாரணியர் படை. மற்றொன்று, சனிக்கிழமைகளில் கூடும் இளங்கிறிஸ்தவ மாணவியர் குழு.

சாரணியர் படை என்றதும் விசிலும் சீருடையும் அணிவகுப்புமே பலருடைய நினைவுக்கு வரும். அதன் உயிர் அணிமுறையில் இருக்கிறது. எட்டுப் பேர் சேர்ந்தால் ஓர் அணி. நான்கு அணிகள் சேர்ந்தால் முப்பத்திரண்டு பேர் கொண்ட ஒரு படை. அணிகளுக்கு மலர்களின் பெயர்: மல்லிகை, ரோஜா, தாமரை, செம்பருத்தி. ஒவ்வோர் அணிக்கும் ஒரு தலைவி, ஒரு துணைத்தலைவி. மற்ற அறுவருக்கும் வேலை உண்டு. ஒருத்தி கணக்கு எழுதுவாள். ஒருத்தி நிகழ்ச்சிக் குறிப்பு எழுதுவாள். ஒருத்தி கயிறு, கோல், பாத்திரம் ஆகியவற்றைப் பாதுகாப்பாள். ஒருத்தி முதலுதவிப் பெட்டிக்குப் பொறுப்பு. வேலையில்லாதவள் என்று ஒருத்தியும் அணியில் இருக்க முடியாது. சில மாதங்களுக்கு ஒருமுறை பொறுப்புகளும் கை மாறும்.

இந்த ஏற்பாட்டின் அருமை போகப் போகத்தான் விளங்கிற்று. வகுப்பில் ஐம்பது பேருக்கு நடுவே ஒரு மாணவி ஆண்டு முழுவதும் வாய் திறவாமல் இருந்துவிடலாம். எட்டுப் பேர் அணியில் அது முடியாது. கணக்கு எழுதுபவள் வாயைத் திறந்து கணக்கைச் சொல்லித்தான் ஆகவேண்டும். "சந்தா 80 ரூபாய், கயிறு வாங்கியது 45 ரூபாய், மீதி 35 ரூபாய்" என்று தரையைப் பார்த்துக்கொண்டு முணுமுணுத்தவள், மூன்றாம் மாதத்தில் நிமிர்ந்து பார்த்து, "இந்த வாரம் இரண்டு பேர் சந்தா தரவில்லை" என்று சொல்லக் கண்டோம். யாரும் அவளுக்குத் துணிவைப் பற்றிச் சொற்பொழிவு ஆற்றவில்லை. அவளிடம் ஒரு நோட்டும் ஒரு தகரப் பெட்டியும் கொடுத்து, அவளை நம்பினோம், அவ்வளவே.

இந்த இயக்கம் பிறந்த கதையே பெண்களின் துணிவைக் காட்டும் கதைதான். 1909 செப்டம்பர் 4ஆம் நாள் இலண்டன் மாநகரின் கிரிஸ்டல் பேலஸ் மைதானத்தில் சாரணச் சிறுவர்கள் ஆயிரக்கணக்கில் கூடினர். அழைப்பு எதுவும் இல்லாமலே சிறுமியர் சிலரும் அங்கு வந்து நின்று, தங்களையும் சேர்த்துக்கொள்ளுமாறு கேட்டனர். சாரணர் இயக்கத்தைத் தோற்றுவித்த பேடன் பவல் பிரபு தம் சகோதரி ஆக்னஸ் அம்மையாரின் துணையுடன் 1910இல் சாரணியர் இயக்கத்தைத் தொடங்கினார். மறு ஆண்டே, 1911இல், அது நம் நாட்டில் ஜபல்பூர் நகரில் கால் ஊன்றியது. 1950 நவம்பர் 7ஆம் நாள் பாரத சாரண இயக்கம் அமைந்தது. 1951 ஆகஸ்டு 15இல் சாரணியரும் அதில் இணைந்தனர். கேட்டவர்களுக்குத்தான் கதவு திறந்தது என்பதை இந்த வரலாறு சொல்லாமல் சொல்கிறது.

அணியில் கற்றதற்கு உரைகல் முகாம். சென்ற ஆண்டு மூன்று நாள் முகாமுக்கு எங்களில் பலரை வீட்டில் எளிதில் அனுப்பவில்லை. "இரவில் வெளியே தங்குவதா?" என்ற கேள்விக்கு அணித்தலைவியரே வீடு வீடாகச் சென்று பதில் சொன்னார்கள். எங்கே தங்குவோம், உடன் வரும் ஆசிரியையர் யார், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்கள். பெரியவர்களிடம் வாதாடவில்லை, விவரம் சொன்னார்கள். அச்சம் தெளிவின்மையில்தான் அதிகம் வளர்கிறது என்று அன்று தெரிந்துகொண்டோம். பெற்றோரின் அச்சத்துக்கும் அதே மருந்துதான்!

முகாமில் முப்பத்திரண்டு பேருக்கும் நாங்களே சமைத்தோம். ஒருவருக்கு 150 கிராம் அரிசி என்றால், ஒரு வேளைக்கு 4 கிலோ 800 கிராம். வகுப்பறைப் பெருக்கல் வாய்ப்பாடு சோற்றுப் பானைக்குள் இறங்கிய இடம் அது. இரண்டாம் நாள் இரவு எதிர்பாராத மழை பிடித்துக்கொண்டது. ரோஜா அணியின் தலைவி காய்ச்சலில் படுத்திருந்தாள். துணைத்தலைவியோ எட்டாம் வகுப்புச் சிறுமி. குரலும் மெல்லிய குரல். ஆயினும் அவள் எழுந்து, இருவரைக் கூடாரக் கோலைப் பிடிக்கச் சொன்னாள். இருவரை மண்வெட்டியால் சுற்றிலும் வாய்க்கால் வெட்டச் சொன்னாள். மற்றவர்கள் தலைவியைத் தாங்கிப் பிடித்து வராந்தாவில் கொண்டுபோய்ப் படுக்கவைத்தனர். மளிகைப் பொருள்களும் நனையாமல் அங்கே போய்ச் சேர்ந்தன. எல்லாம் கால் மணி நேரத்துக்குள் முடிந்தது. சிஸ்டர் டார்ச் விளக்குடன் வராந்தாவில் நின்றுகொண்டிருந்தார். நோயாளியைக் கவனித்துக்கொண்டாரே தவிர, எங்களுக்குக் கட்டளை எதுவும் இடவில்லை. மறுநாள் காரணம் கேட்டோம். "நான் சொல்லத் தொடங்கியிருந்தால், எல்லாரும் அவள் முகத்தை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்திருப்பீர்கள்" என்றார். தலைமையை வளர்ப்பவர்கள் சில வேளைகளில் சும்மா நிற்கவும் தெரிந்திருக்க வேண்டும் போலும்!

சாரணியர் படை கைக்கு வேலை கொடுத்தது என்றால், இளங்கிறிஸ்தவ மாணவியர் குழு கண்ணுக்கும் சிந்தனைக்கும் வேலை கொடுத்தது. "பார், சீர்தூக்கு, செயல்படு" என்பது அதன் வழிமுறை. பெல்ஜிய நாட்டின் ஜோசப் கார்டைன் அடிகளார் வகுத்த வழி இது. 1912இல் பிரஸ்ஸல்ஸ் நகரையடுத்த லாக்கென் பங்கில் உதவிப் பங்குத்தந்தையாக அவர் பணியேற்றபோது, உழைக்கும் இளம்பெண்களை ஒன்றுகூட்டினார். தையல் தொழிலில் இருந்த அந்தப் பெண்களைத் தங்கள் வேலைத்தலத்தைத் தாங்களே உற்று நோக்கும்படி பழக்கினார். பின்னர் 1925இல் இளந்தொழிலாளர் இயக்கம் உருவாயிற்று. 1961இல் திருத்தந்தை இருபத்துமூன்றாம் யோவான் தம் சுற்றுமடலில் இந்த மூன்று படிகளையும் இளைஞருக்குப் பரிந்துரைத்தார்.

எங்கள் குழு பார்த்தது ஒரு தெருக்குழாயை. ஒரே தெருவிலிருந்து வரும் மாணவியர் ஐவர் நாள்தோறும் தாமதமாக வந்து தண்டனை பெற்றுக்கொண்டிருந்தனர். சோம்பல் என்றே எல்லாரும் நினைத்தனர். போய்ப் பார்த்தபோது குழாய் பழுதாகி நான்கு மாதம் ஆகியிருந்தது. அடுத்த தெருவிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தவர்கள் அந்தப் பெண்பிள்ளைகளே. அவர்களுடைய அண்ணன் தம்பியர் அல்லர். இதைச் சீர்தூக்கிப் பார்த்து மனு எழுதினோம். அந்தத் தெருத் தாய்மார்களிடம் கையொப்பம் வாங்கி, உரிய அலுவலகத்துக்கு நால்வராகச் சென்றோம். முதல் முறை, "பெரியவங்க யாரையாவது அனுப்புங்கம்மா" என்றனர். இரண்டாம் முறை மனுவை வாங்கிக்கொண்டனர். மூன்றாம் முறை, மனு பெற்றுக்கொண்டதற்கு எழுத்துமூலம் அத்தாட்சி கேட்டோம். பத்து நாளில் குழாயில் தண்ணீர் வந்தது. முதல் நாள் திரும்பி வந்தபோது அழுதவள்தான் மூன்றாம் நாள் அத்தாட்சி கேட்டவள்.

இத்தகைய சிறு குழுக்களில் பயின்றவர்கள் என்ன ஆவார்கள் என்பதற்குக் கல்கத்தாவின் எண்டாலியில் இருந்த தூய மரியன்னை பள்ளியே எடுத்துக்காட்டு. அன்னை தெரசா அங்கு ஆசிரியையாக இருந்த காலத்தில், ஜூலியன் ஹென்றி என்ற சேசுசபைக் குருவானவரின் வழிகாட்டுதலில் மாணவியரின் மரியன்னை சபை இயங்கியது. அதன் உறுப்பினர்கள் மோத்திஜீல் சேரிக்குச் சென்று ஏழைகளைச் சந்தித்து வந்தனர். 1948 ஆகஸ்டில் அன்னை மடத்தைவிட்டுத் தனியே வெளியேறியபின், அவரைப் பின்பற்றி முதலில் வந்தவர்கள் அவருடைய பழைய மாணவியரே. 1949 மார்ச் 19ஆம் நாள் வந்து சேர்ந்த சுபாஷிணி தாஸ், அன்னையின் திருமுழுக்குப் பெயரையே ஏற்று அருட்சகோதரி ஆக்னஸ் ஆனார். பள்ளி நாளில் சேரியின் வாசலை மிதித்துப் பழகிய கால்களுக்கு அந்தப் பாதை புதிதாக இருந்திராது.

இனி, எங்கள் உள்ளத்தை விட்டு அகலாத இரு தோழியரைப் பற்றிச் சொல்லவேண்டும். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்ததும் இருவருக்கும் வீட்டில் ஒரே பேச்சு: "படித்தது போதும், மில் வேலைக்குப் போ." முதலாமவள் எங்கள் அணியில் கணக்கு எழுதியவள். அவள் அழவில்லை, பட்டினி கிடக்கவும் இல்லை. நோட்டை எடுத்துக் கணக்கு எழுதினாள். மில்லில் கிடைக்கும் சம்பளத்தை ஒரு பக்கம் எழுதினாள். மறுபக்கத்தில், பாடநூல் இலவசம் என்றும், 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றும் எழுதினாள். அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் 2024 டிசம்பரில் விரிவுபடுத்தப்பட்ட புதுமைப்பெண் திட்டத்தின்படி, கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும் என்பதையும் சேர்த்தாள். "கணக்கைப் பாருங்கப்பா. எனக்கு இரண்டு வருஷம் கொடுங்க" என்று கேட்டாள். அவள் தந்தை அன்று ஒன்றும் பேசவில்லை. பள்ளி திறந்த மூன்றாம் நாள் சேர்க்கைப் படிவத்தில் கையொப்பமிட வந்து நின்றார்.

இரண்டாமவளும் கேட்டாள். அவளும் அணியில் பயின்றவளே. வீட்டின் கடன் சுமை அவள் சொல்லைவிடக் கனமாக இருந்தது. இன்று அவள் மில்லில் இருக்கிறாள். துணிவு இருந்தால் எல்லாம் கைகூடும் என்று எழுதிவிட்டால் கட்டுரை அழகாக முடியும். அவளுக்கு அது நியாயம் ஆகாது. விடுமுறையில் அவள் வரும்போது சென்று பார்க்கிறோம். எங்கள் பாடநூல்களை அவளுக்கென்று எடுத்துவைத்திருக்கிறோம். தனித்தேர்வராகப் படிக்கும் எண்ணம் அவளுக்கு இருக்கிறது. பதினெட்டு வயதுக்கு முன் திருமணப் பேச்சு எழுந்தால் 2006ஆம் ஆண்டுச் சட்டம் துணை நிற்கும் என்பதும், குழந்தைகளுக்கான உதவி எண் 1098 என்பதும் அவளுக்குத் தெரியும். சென்ற மாதம் அவள், தன் விடுதி அறையில் உள்ள எட்டுப் பேருக்கும் வேலை பிரித்துக் கொடுத்திருப்பதாகவும், தான் சம்பளக் கணக்கைச் சரிபார்த்துத் தருவதாகவும் சொன்னாள். படை அவளை விட்டுவிடவில்லை. அவளும் படையை விட்டுவிடவில்லை!

ஆகவே, அன்புத் தங்கையரே! தலைமை என்பது முன்வரிசை நாற்காலி அன்று. முகாமில் எல்லாரும் உண்டபின் அணித்தலைவி உண்பது எங்கள் வழக்கம். சீடரின் பாதங்களைக் கழுவிய ஆண்டவர் காட்டிய தலைமையும், மலைநாட்டுக்கு விரைந்து சென்று எலிசபெத்துக்குத் துணைநின்ற நம் அன்னையின் துணிவும் அத்தகையவையே. எங்களுள் இந்துத் தோழியரும் இசுலாமியத் தோழியரும் உண்டு. சோற்றுப் பானைக்கு முன்னும் மழைக்கு முன்னும் நாங்கள் ஓர் அணியாகவே நின்றோம்.

பெற்றோர்களே, உங்கள் பெண் பேசக் கற்றுக்கொண்டால் மரியாதை மறந்துவிடுவாள் என்று அஞ்சாதீர்கள். கணக்கோடு பேசும் மகள் வீட்டுக்கு ஒரு தூண். முகாம் அனுமதித் தாள் வரும்போது கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள். பிறகு கையொப்பமிட்டு அனுப்புங்கள்.

வரும் கல்வியாண்டில் தாமரை அணியில் மூன்று இடமும் செம்பருத்தி அணியில் இரண்டு இடமும் காலியாகின்றன. நாங்கள் விட்டுச்செல்லும் இடங்கள் அவை. கயிறுகள் எண்ணி அடுக்கப்பட்டுள்ளன. கணக்கு நோட்டு முடித்துக் கையொப்பமிடப்பட்டுள்ளது. தகரப் பெட்டியில் 112 ரூபாய் இருப்பு உள்ளது. வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு விசில் ஒலிக்கும். பேசத் தெரியாதே என்று தயங்காமல் வந்து சேருங்கள்.