ஐந்திலிருந்து ஏழு வரை

அவளுடைய வலது கால் கட்டைவிரலில் ஒரு நூல்கயிறு சுற்றியிருக்கிறது. அதன் மறுமுனை, தாழ்வாரத்து உத்தரத்தில் தொங்கும் சேலைத் தூளியில் முடிச்சுப் போட்டிருக்கிறது. தூளிக்குள் பல் முளைக்காத பயல் ஒருவன். கால் தூளியை ஆட்ட, கை சுவரில் எழுதுகிறது. உட்கார்ந்தபடியே எழுதுவதற்காகச் சுவரின் கீழ்ப்பாதியில் சதுரமாகக் கறுப்புப் பெயின்ட் அடித்து வைத்திருக்கிறாள். எதிரே பாயிலும் சாக்கிலும் இருபது பிள்ளைகள். கோரஸ் உரக்கப் போனால் தூளி நெளியும். உடனே அவள் உதட்டில் விரல் வைப்பாள். அடுத்த நான்கு எழுத்துகளைப் பிள்ளைகள் குசுகுசுவென்று படிப்பார்கள். உலகத்தில் வேறெங்கும் 'ஙப்போல் வளை' வகையறாவை இவ்வளவு ரகசியமாகச் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள்.

எதிர்வீட்டுத் திண்ணை என்னுடையது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவனுக்கு அதைவிட நல்ல ஆசனம் எது? பார்ப்பேன், பேச மாட்டேன். பேசினால் பிள்ளைகள் திரும்பிப் பார்க்கும், அவளுக்குக் கோபம் வரும்.

புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமம். 2022ஆம் வருஷம். கொரோனாவுக்காக 2020 மார்ச்சில் மூடிய பள்ளிக்கூடங்களில், எட்டாம் வகுப்பு வரைக்குமான பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் கதவு திறந்தது. ஒன்றாம் வகுப்பை வாசலோடு விட்டுப் போன பிள்ளை நேரே மூன்றாம் வகுப்பில் வந்து உட்கார்ந்தது. அந்த ஓட்டையை அடைக்கத்தான் 'இல்லம் தேடிக் கல்வி'. மரக்காணத்துக்குப் பக்கத்தில் முதலியார்குப்பம் என்ற ஊரில் 2021 அக்டோபர் 27 அன்று முதலமைச்சர் தொடங்கி வைத்தார். பள்ளி விட்ட பிறகு, சாயங்காலம் ஐந்து மணிக்கும் ஏழு மணிக்கும் நடுவில் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம். இருபது பிள்ளைக்கு ஒரு தன்னார்வலர். தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குப் பிளஸ் டூ படித்தவர் போதும், அதற்கு மேலே என்றால் டிகிரி. வாரத்துக்கு ஆறு மணி நேரமாவது எடுக்க வேண்டும். ஊக்கத்தொகை மாதம் ஆயிரம் ரூபாய். வந்து சேர்ந்த தன்னார்வலர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழு. எந்த அதிகாரி குறித்த நேரமோ தெரியாது. அவர் தம் வாழ்நாளில் அந்த நேரத்தில் ஒரு கிராமத்து அடுப்படிக்குள் எட்டிப் பார்த்திருக்க மாட்டார். மாடு கறக்கும் நேரம் அது. சொசைட்டிக்குப் பால் போகும் நேரம். தெருக்குழாயில் தண்ணீர் வரும் நேரம். உலை வைத்து, விளக்கேற்றி, காலையில் காயப்போட்ட துணியை மடிக்கும் நேரம். பிள்ளைகளுக்குத் தோதான நேரம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த இரண்டு மணி நேரத்தை ஒரு மருமகள் தன்னுடையது என்று எடுத்துக்கொள்வதற்கு வீட்டில் எத்தனை காரியம் இடம் மாற வேண்டியிருக்கிறது என்பதைத்தான் நான் திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் பால் மாறியது. அதுவரை கறந்து கேனில் ஊற்றிச் சொசைட்டிக்குக் கொண்டு போனதெல்லாம் இவள்தான். வகுப்பு ஆரம்பித்த முதல் வாரம் மாமியார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். இரண்டாவது வாரம் மாட்டுக்கொட்டகையின் பின்னாலிருந்து ஒரு பழைய சைக்கிள் வெளியே வந்தது. பார் போட்ட ஆம்பளை சைக்கிள். துருவைத் தேய்த்து, டியூப் மாற்றி, ஹேண்டில்பாரில் பால் கேனை மாட்டிக்கொண்டு, சேலையைத் தூக்கிச் செருகி, அறுபதை நெருங்கும் அந்த அம்மாள் காலைத் தூக்கிப் போட்டு ஏறிப் போன அழகைப் பார்த்து டீக்கடையில் கிளாஸைக் கீழே வைத்தவர்கள் உண்டு. நான் வைக்கவில்லை. எனக்கு அந்தக் கதை தெரியும்.

1991இல் இந்த மாவட்டத்தில், எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்கும் அறிவொளி இயக்கம் வந்தது. ஷீலா ராணி சுங்கத் அப்போது கலெக்டர். சாயங்காலம் ஆனால் தெருவிளக்கடியில், கோயில் வாசலில், கல்குவாரியில் எல்லாம் வகுப்பு. சொல்லிக்கொடுத்தவர்களுக்குச் சம்பளம் கிடையாது. எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள் ஓட்டக் கற்றார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காத தட்டுப்பாட்டில் ஆம்பளை சைக்கிளையே வாங்கினார்கள். பாரில் பிள்ளையை உட்காரவைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. இந்த மாமியார் அப்போது இளம் மருமகள். கையெழுத்துப் போடவும் சைக்கிள் மிதிக்கவும் ஒரே வருஷத்தில் கற்றுக்கொண்டவர். அந்த நாளில் அவருடைய மாமியார் என்ன முகம் வைத்துக்கொண்டிருந்தார் என்பதைப் பார்க்க அப்போது நான் இந்தத் திண்ணையில் இல்லை.

பால் இடம் மாறிவிட்டது. தண்ணீர் மாற மறுத்தது. குழாயில் எப்போது வரும் என்பது குழாய்க்கே வெளிச்சம். வகுப்பு நடுவில் "தண்ணி வந்துருச்சு" என்று தெருவில் ஒரு குரல் கேட்டால் போதும், பாதிப் பிள்ளைகள் எழுந்துவிடும். அவரவர் வீட்டுக் குடமும் வரிசையில் இருக்கிறதல்லவா? ஆரம்பத்தில் அவள் அதட்டிப் பார்த்தாள். பிறகு அவளே கயிற்றைக் காலிலிருந்து கழற்றிவிட்டு, தூளியை ஒரு பெரிய பெண்ணிடம் ஒப்படைத்து, வகுப்பையே குழாயடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். "மொத்தம் பதினாலு கொடம். ஒம்பது ரொம்பிருச்சு. மிச்சம்?" விரல்கள் மடிந்தன. "அஞ்சுக்கா!" வரிசையில் நின்ற ஒரு கிழவி, "ஏன்டீ, ஏங்கொடத்தையும் சேத்துத்தான் எண்ணுனீங்களா?" என்று கேட்க, கணக்கை முதலிலிருந்து போட வேண்டியதாயிற்று.

பிள்ளைகள் எல்லோருக்கும் அவள் அக்கா. அந்த இருபதில் அவளுடைய மூத்த மகளும் ஒருத்தி, இரண்டாம் வகுப்பு. முதல் சில நாள் அந்த மகள் "அம்மா, இங்க பாரும்மா" என்று நோட்டை நீட்டிக்கொண்டே இருந்தாள். காதில் விழாத மாதிரி அம்மா அடுத்த பிள்ளையிடம் போய்விடுவாள். உதடு பிதுங்கியது, ஒரு நாள் அழுகையும் வந்தது. அப்புறம் அந்தக் குட்டி எங்கிருந்து யோசனை பிடித்ததோ, எல்லோருக்கும் மேலான குரலில் "அக்கா!" என்றாள். அம்மா சட்டென்று திரும்பிவிட்டாள். இருபது பேரும் சிரித்தார்கள். ஏழு மணிக்குப் பாய் சுருட்டியதும் மறுபடி அம்மா. இந்த ஏற்பாடு அப்படியே நிலைத்துவிட்டது.

அந்த ஆயிரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்த வருஷம் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் தினக்கூலி 281 ரூபாய். அதில் நான்கு நாள் கூலிக்கும் குறைவானது இவளுடைய ஒரு மாத ஊக்கத்தொகை. சேவை என்று பெயர் வைத்துவிட்டால் பெண்களின் நேரம் அரசாங்கத்துக்குச் சல்லிசாகக் கிடைக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த வீட்டுக்குள் அந்த ஆயிரம் செய்த வேலை வேறு. மினி லாரி ஓட்டும் கணவன் ஆரம்பத்தில் கேட்ட கேள்வி, "இதுல என்ன கெடைக்கும்?" ஒன்றும் கிடைக்காது என்று சொல்லியிருந்தால் பாய் விரித்திருக்க முடியாது. பேங்கில் ஆயிரம் ஏறியது என்று போனில் செய்தி வந்த பிறகு, அவன் வாயால் அது 'வேலை' ஆயிற்று. வேலைக்குப் போகிறவளின் உலையை யாராவது பார்த்துக்கொள்ளத்தானே வேண்டும்? ஏழரைக்கு வந்து சோறு கேட்டவன், எட்டு மணிக்கு வந்து கேட்கலானான். அரை மணி நேரம்தான் என்று இளப்பமாக நினைக்காதீர்கள். ஊரில் சமூக சேவை என்று வெள்ளை வேட்டியோடு மேடை ஏறுகிறவர்கள் யாரும், அதற்காக வீட்டில் அரை மணி நேரம் கடன் கேட்டதாக நான் அறிந்ததில்லை.

ஒரு நாள் தூளிப் பயலுக்குக் காய்ச்சல். அவன் அவள் தோளை விட்டு இறங்கவில்லை. பிள்ளைகள் வந்து பாயில் உட்கார்ந்தாயிற்று. திருப்பி அனுப்பிவிடுவாள் என்று பார்த்தேன். சொசைட்டியிலிருந்து திரும்பிய மாமியார், சைக்கிளைச் சாத்திவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு நேரே போய்க் கறுப்புச் சதுரத்துக்கு முன்னால் உட்கார்ந்தார்.

"எல்லாரும் ஒரு பக்கம் எழுதுங்க. நான் திருத்துறேன்."

எழுதினார்கள். பார்த்து எழுதினார்களோ பார்க்காமல் எழுதினார்களோ, வரிசையாக வந்து நோட்டை நீட்டினார்கள். சிவப்புப் பேனாவை இறுக்கிப் பிடித்து, ஒவ்வொரு நோட்டிலும் பக்கத்தின் அடியில் தன் முழுப் பெயரையும் கையெழுத்தாகப் போட்டார் அந்த அம்மாள். அவசரமே இல்லை. ஒவ்வொரு எழுத்துக்கும் உரிய மரியாதை கொடுத்து, புள்ளி விடாமல். ஒரு பையன், "பாட்டி, தப்பு இருந்தா சுழிக்கணும்" என்றான். "எல்லாம் சரியாத்தான் இருக்கு, போ" என்று அவனை நகர்த்திவிட்டு அடுத்த நோட்டை இழுத்தார். கடைசி நோட்டு முடிவதற்குள் ஏழடித்துவிட்டது.

உள்ளேயிருந்து, காய்ச்சல்காரனைத் தோளில் தட்டிக்கொண்டே மருமகளின் குரல்: "அத்தை, தேதியும் போட்டுருங்க."

"அத நீ வந்து போட்டுக்க. எனக்குப் பால் கணக்கு எழுதணும்."