முறிந்த காலும் முயன்ற காலும்

இயற்கை மனிதனுக்கு இரண்டு கைகளையும் இரண்டு கால்களையும் அளித்திருக்கின்றது. ஆயினும் நம்மிற் பெரும்பாலோர் ஒரு கையையே தொழிலுக்குப் பழக்குகின்றோம். வலக்கை எழுதும், இடக்கை ஏட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும். கால்பந்தாட்டத்திலும் இதுவே வழக்கம். ஒரு காலால் மட்டும் பந்தை வன்மையாக உதைக்க வல்லவன் எப்பக்கம் திரும்புவான் என்பதை எதிரணிக் காவலர் எளிதில் அறிந்துகொள்வர். இரு கால்களாலும் ஒருங்கே ஆட வல்லவனையோ அவர்களால் கணிக்க இயலாது. இவ்வரிய திறனைப் பெற்றவர்களுள் ஒருவர் ஸ்பெயின் நாட்டு முன்னணி ஆட்டக்காரர் டேவிட் வில்லா. அத்திறன் அவருக்கு வாய்த்த வரலாறு ஒரு துன்பத்தில் தொடங்குகின்றது.

ஸ்பெயின் நாட்டின் வடபகுதியில் அஸ்தூரியாஸ் என்னும் மலைநாடு உள்ளது. மேலே பசுமை போர்த்த குன்றுகள். கீழே நிலக்கரிச் சுரங்கங்கள். அந்நாட்டில் லாங்ரியோவைச் சார்ந்த துயில்லா என்னும் சிற்றூரில், 1981 ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 3 ஆம் நாள் வில்லா பிறந்தார். தந்தையார் சுரங்கத் தொழிலாளி. மைந்தனுக்கு நான்கு வயது நிரம்பியிருந்த காலத்தில், ஒரு விபத்தில் அவனது வலத்தொடை எலும்பு முறிந்தது. அக்கால் மீண்டும் பழைய நிலையை அடையுமோ என்று பெற்றோர் கலங்கினர்.

கலங்கிய தந்தையார் கலக்கத்திலேயே காலத்தைக் கழித்தாரல்லர். வலக்கால் மாவுக்கட்டில் கிடந்தது. ஆனால் இடக்காலுக்கு யாதொரு குறையும் இல்லை. எனவே, அவர் மைந்தன் எதிரே நின்று பந்தை வீசுவார். சிறுவன் அதனை இடக்காலால் உதைப்பான். மீண்டும் வீசுவார், மீண்டும் உதைப்பான். வலக்கால் நலம்பெற்ற பிறகும் இப்பயிற்சி நின்றதில்லை. நிலத்தின் அடியில் உழைத்துக் களைத்து வந்த தந்தை, மைந்தனின் பயிற்சிக்கு மட்டும் களைப்பென்று சொன்னதில்லை. இவ்வாறு, முறிந்த கால் ஓய்ந்திருந்த நாள்களில் மற்றொரு கால் கற்கத் தொடங்கிற்று.

தம்மினும் மூத்த பிள்ளைகளோடு ஆடியமையால் அவருக்குக் 'குவாஹே' என்னும் பெயர் வழங்கலாயிற்று. அஸ்தூரியாஸ் மக்கள் பேச்சில் அச்சொல் 'சிறுவன்' எனப் பொருள்படும். சுரங்கத்தில் வேலை பழகும் சிறுவனையும் அது குறிக்கும். புகழ்பெற்ற பின்னரும் அப்பெயரே அவருக்கு நிலைத்தது.

ஹிஹோன் நகரத்து அணியில் சேர்ந்த வில்லா, முதலில் இரண்டாம் பிரிவு ஆட்டங்களிலேயே உழைத்தார். 2003 ஆம் ஆண்டில் சரகோசா அணியையும், 2005 ஆம் ஆண்டில் வலென்சியா அணியையும் அடைந்தார். படிப்படியாகவே அவர் ஏறினார். 2008 ஆம் ஆண்டு ஐரோப்பியக் கோப்பைப் போட்டியில் நான்கு கோல்கள் அடித்து, அனைவரினும் மிகுதியாகக் கோல் அடித்தவர் ஆனார். எனினும் அரையிறுதி ஆட்டத்தில் அவர் தசை காயமுற்றது. இறுதி ஆட்டத்தைக் களத்தின் புறத்தே இருந்துதான் காண நேர்ந்தது. 1964 ஆம் ஆண்டுக்குப் பின் ஸ்பெயின் பெற்ற முதல் பெருவெற்றி அது.

களம்புகா வருத்தத்தை 2010 ஆம் ஆண்டு தீர்த்து வைத்தது. தென்னாப்பிரிக்காவில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் ஸ்பெயின் தன் முதல் ஆட்டத்திலேயே சுவிட்சர்லாந்திடம் தோற்றது. இன்னொரு தோல்வி நேரின் அனைத்தும் பாழாகும் என்னும் நிலை. அப்போது ஹோண்டுராஸுக்கு எதிராக வில்லா இரண்டு கோல்கள் அடித்தார். சிலி நாட்டுக் கோல்காவலர் தம் இடத்தை விட்டு முன்னோடி வந்த கணத்தில், தொலைவிலிருந்தே இடக்காலால் பந்தை வெற்றிடத்துள் செலுத்தினார். போர்ச்சுகலுக்கு எதிரான ஆட்டத்தில் அவர் இடக்காலால் உதைத்த பந்தைக் காவலர் தடுத்தார். திரும்பி வந்த பந்தை அவர் வலக்காலால் வலைக்குள் ஏற்றினார். ஒரு கால் தவறவிட்டதை மறுகால் முடித்தது! பராகுவே நாட்டை வென்ற கோலும் அவருடையதே. அப்போட்டியில் ஸ்பெயின் அடித்த எட்டுக் கோல்களில் ஐந்து அவருடையவை. ஸ்பெயின் முதன்முறையாக உலகக் கோப்பையை வென்றது.

அவ்வாண்டே பார்சிலோனா அணியிற் சேர்ந்த அவர், 2011 ஆம் ஆண்டு மே மாதம் லண்டன் வெம்பிளி அரங்கில் நடைபெற்ற ஐரோப்பியச் சாம்பியன் கோப்பை இறுதி ஆட்டத்திலும் ஒரு கோல் அடித்தார். உயர்வின் உச்சியில் நின்ற அவரை அவ்வாண்டு டிசம்பரில் மீண்டும் துன்பம் தாக்கியது. ஜப்பான் நாட்டு யோகஹாமாவில் ஆடுகையில் அவரது இடக்கால் எலும்பு முறிந்தது. இளமையில் வலக்கால் முறிந்தபோது கைகொடுத்த அந்த இடக்காலே இப்போது முறிந்தது. முப்பது வயதை எட்டிய ஆட்டக்காரருக்கு இது எளிய இடரன்று. 2012 ஆம் ஆண்டு ஐரோப்பியக் கோப்பையை ஸ்பெயின் வென்றபோது அவர் அணியில் இல்லை. ஆயினும் எட்டுத் திங்கள் பொறுத்திருந்து, அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் களத்திற்குத் திரும்பினார். திரும்பிய நாளிலேயே கோலும் அடித்தார்.

பின்னர் அட்லெட்டிகோ மாட்ரிட் அணியோடு 2014 ஆம் ஆண்டு ஸ்பெயின் நாட்டு லீக் பட்டத்தை வென்றார். நியூயார்க் நகர அணியின் தலைவராக விளங்கி, 2016 ஆம் ஆண்டில் அமெரிக்க லீக்கின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்னும் விருதைப் பெற்றார். 2020 ஆம் ஆண்டு சனவரி முதல் நாளில் ஜப்பானியப் பேரரசர் கோப்பையைத் தம் அணி வென்ற ஆட்டத்தோடு ஓய்வு கொண்டார். தம் நாட்டுக்காக 98 ஆட்டங்களில் 59 கோல்கள் அடித்திருந்தார். ஸ்பெயின் நாட்டு ஆடவர் அணியில் அவருக்கு முன் எவரும் அவ்வெண்ணிக்கையை எட்டியதில்லை.

மாவுக்கட்டோடு கிடந்த குழந்தைக்குப் பந்து வீசிய நாளில், அத்தந்தையார் உலகக் கோப்பையைக் கனவு கண்டிருப்பார் என்று கருத வேண்டுவதில்லை. மைந்தன் மனம் சோர்ந்துவிடலாகாது என்பதே அவர் கருத்தாக இருந்திருக்கலாம். இழந்ததை எண்ணி அழுவதற்கு முன், எஞ்சியிருப்பது யாது என்று அவர் நோக்கினார். எஞ்சியிருந்தது ஓர் இடக்கால். அதனை நாள்தோறும் பழக்கினார். துன்பம் வருங்கால் நமக்கும் ஏதேனும் ஒன்று எஞ்சியே நிற்கும். அதனைக் கண்டறிந்து பழக்குவது நம் கடமை.