கனகம் எங்கே?

“ஏண்டா, கனகத்தை விட்டுட்டியா?”

மாமாவின் விரல் பட்டியலின் நான்காம் பக்கத்தில், காமாட்சிக்குச் சற்று மேலே நின்றிருந்தது. கிங்ஸ் சர்க்கிள் ரவுண்டானாவிலிருந்து ஐந்து நிமிட நடையில் அவர் வீடு. வயது 84. கல்லிடைக்குறிச்சியிலிருந்து இளவயதில் பம்பாய்க்கு வந்து, வேலைக்காலம் முழுவதும் ஓர் ஆபீஸில் ஃபைல்களைப் பார்த்துக்கொண்டவர். கனகம் மாமி போய் ஆறு வருஷம் ஆகிறது. மாமியின் பெயரில்தான் மாமா ஒவ்வொரு வருஷமும் எங்கள் அன்னதானக் குழுவுக்குப் பணம் கொடுக்கிறார்.

அந்தக் குழுவின் பழைய நோட்டுப் புத்தகங்களிலிருந்து 612 பெயர்களை நான்தான் கணினியில் ஏற்றியிருந்தேன். ஒரு வரிக்கு ஒருவர். பெயர், கட்டிடம், சொந்த ஊர், கடைசியாகக் கொடுத்த வருஷம் என நான்கு ஃபீல்டுகள், நடுவே நெடுங்கோடு. அச்சுக்குக் கொடுக்கும்போது கருப்புத் திரையில் இரண்டே கட்டளைகள். ‘சார்ட்’ பெயர்வாரியாக அடுக்கியது. ‘கட்’ முதல் இரண்டு ஃபீல்டுகளை மட்டும் எடுத்துத் தந்தது. ஒரு நொடிகூட ஆகவில்லை. அடுக்கியதைத் திருப்பிப் பார்க்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை.

மாமா கேட்டதும் ‘கிரெப்’ போட்டுத் தேடினேன். கனகம் இருந்தார். மூன்றாம் பக்கத்தில், கண்ணம்மாவுக்கு அடுத்து, கமலாவுக்கு முன்னால்.

“அங்க எப்படி வரும்? ன-தானேடா கடைசி எழுத்து?” என்றார் மாமா.

அவர் சொன்னது சரி. பட்டியலை எழுத்தெழுத்தாகப் படித்தேன். கண்ணம்மா, கனகம், கமலா, கற்பகம், கலா, கல்யாணி, காமாட்சி. தமிழ் படித்த எவரும் அடுக்கியிருந்தால் கண்ணம்மா, கமலா, கல்யாணி, கலா, கற்பகம், கனகம், காமாட்சி என்று வந்திருக்கும். அம்புஜம் அமிர்தத்துக்குப் பின்னால் கிடந்தார். ஜானகிகள் எல்லாரும் சந்திராவுக்கும் தங்கத்துக்கும் நடுவே புகுந்திருந்தார்கள். பெயர் ஒன்றுகூட விடுபடவில்லை, ஆனால் தேடுகிறவர் கை போகும் இடத்தில் அது இல்லை. மாமாவைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான்.

இந்த வரிசை எங்கிருந்து வந்தது? அதைத் தெரிந்துகொள்ளாமல் மறுபடி அச்சடிக்கக் கூடாது என்று முடிவு செய்தேன்.

முதலில் ‘சார்ட்’ மேல்தான் சந்தேகம். மகேஸ்வரி உத்யானை ஒட்டிய நடைபாதைப் பழைய புத்தகக் கடைகளில், பக்கத்து வி.ஜே.டி.ஐ. மாணவர்கள் விற்றுப்போகும் பாடநூல்கள் குவிந்திருக்கும். பல வருஷங்களுக்கு முன் அங்கே வாங்கிய கெர்னிகன், பைக் இருவரும் எழுதிய 1984-ஆம் வருட யூனிக்ஸ் புத்தகம் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதைத் தூசி தட்டி எடுத்தேன். 1971-இல் வந்த யூனிக்ஸின் முதல் கையேட்டிலேயே ‘சார்ட்’ உண்டு. 1973-இல் ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்த கட்டளைக்குள் ஊற்றும் ‘பைப்’ வந்தது. 1977-இல் ஆஹோ, வைன்பர்கர், கெர்னிகன் மூவரும் எழுதிய ‘ஆக்’ வந்தது. இவற்றில் எதற்கும் தமிழ் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. தெரிந்ததெல்லாம் எண். எந்த மொழியின் வரிசை வேண்டும் என்று நாம் சொல்லாவிட்டால் ‘சார்ட்’ பைட்டுகளின் எண்ணைப் பார்த்துச் சிறியதை முன்னால் வைக்கும். நான் சொல்லியிருக்கவில்லை.

அப்படியானால் எழுத்துக்கு எண் கொடுத்தவர் யார்? நம் எழுத்துகள் இன்று கோப்புகளில் யூ.டி.எஃப்.-8 முறையில், எழுத்துக்கும் குறிக்கும் தலா மூன்று பைட்டுகளாக உட்காருகின்றன. அந்த முறையை 1992-இல் கென் தாம்சன், ராப் பைக்குடன் நியூ ஜெர்சியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து, தட்டுக்கு அடியில் விரிக்கும் தாளில் வகுத்தார். எழுத்துகளுக்கு யூனிகோட் தரம் கொடுத்த எண்களின் வரிசையும் அவற்றின் பைட்டுகளின் வரிசையும் ஒன்றாகவே இருக்கும்படி செய்ததில் அவருடைய நுட்பம் தெரிகிறது. அதனாலேயே பழி அவர்மேல் விழாது. எண் ஏற்கெனவே எப்படியோ அப்படியேதான் அவர் கடத்தினார்.

யூனிகோட் அட்டவணையைத் திறந்தேன். க 2965. அடுத்த ங 2969. நடுவே மூன்று காலி இடங்கள். தமிழில் இல்லாத மூன்று ககரங்களுக்கான நாற்காலிகள் அவை. ந 2984, ன 2985, ப 2986. ர-வை ஒட்டி ற. ல, ள, ழ வரிசையாக. அதற்குப் பின்னால் வ. தேவநாகரி அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக் கழித்துப் பார்த்தேன். அங்கே க 2325, இங்கே 2965. அங்கே ன 2345, இங்கே 2985. ற-வுக்கும் ழ-வுக்கும்கூட அதே 640 வித்தியாசம். தேவநாகரியில் அந்த ன, ற, ழ மூன்றும் புள்ளி வைத்த எழுத்துகள். தென்னாட்டு ஒலிகளை எழுதிக்காட்ட வைத்துக்கொண்டவை. ஒலியில் நெருங்கிய எழுத்தை ஒட்டி அங்கே அவற்றுக்கு இடம் கொடுத்தார்கள். அதே இடம் நம் ன-வின் இடமாகிவிட்டது.

இதன் வேர் இஸ்கி என்ற இந்தியத் தரம். 1988-இல் அது திருத்தப்பட்டது. 1991-இல் ஐ.எஸ். 13194 என்று இந்தியத் தர நிர்ணய அமைவனம் அதை வெளியிட்டது. யூனிகோட் 1988-இன் அமைப்பை எடுத்துக்கொண்டது. இஸ்கியின் நோக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். எல்லா இந்திய மொழிகளிலும் ஓர் ஒலிக்கு ஒரே எண் என்றால், ஒரு மொழியில் அடித்ததை இன்னொரு மொழியின் வரிவடிவத்தில் உடனே காட்டலாம். கிங்ஸ் சர்க்கிளில் வளர்ந்த எனக்கு அந்த ஆசை புரிகிறது. இங்கே ஒரே கட்டிடத்தின் பெயர்ப்பலகையில் ஐயரும் ஷாவும் ஷெட்டியும் நாயரும் அடுத்தடுத்து இருப்பார்கள். ஆனால் எண் கொடுப்பதோடு வேலை முடிந்துவிடாது, வரிசைப்படுத்துவது தனி வேலை என்பது எங்களைப்போல் கோப்பைக் கையாளுகிறவர்களுக்கு வந்து சேரவில்லை. கொடுத்த எண்ணை இனி மாற்றவும் முடியாது. மாற்றுவதில்லை என்பது யூனிகோடின் உறுதி. தமிழுக்கென டேஸ்-16 என்ற வேறு குறியீட்டைத் தமிழக அரசு 2010-இல் ஏற்றதும் இந்த மனக்குறையின் தொடர்ச்சிதான். எனக்கு அது தேவையென்று படவில்லை. யூனிகோடின் அகரவரிசை அட்டவணை தனியாக இருக்கிறது. அதில் ழ, ள, ற, ன என்று நம் வரிசை சரியாகவே பதிவாகியிருக்கிறது. கேட்டால் கிடைக்கும்.

நம் வரிசைதான் எவ்வளவு பழையது? தொல்காப்பியம் எழுத்துகளை அறிமுகப்படுத்தும்போதே, அகரத்தில் தொடங்கி னகரத்தில் முடிபவை என்றுதான் சொல்கிறது. ஆனால் எழுத்துக்கு வரிசை இருந்தும் நெடுங்காலம் சொற்களை அதன்படி யாரும் அடுக்கவில்லை. நிகண்டுகள் தேவர் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர் எனப் பொருள்வாரியாகச் செய்யுளில் போகும். மனப்பாடம் செய்கிறவருக்கு அது போதும். 1594-இல் சிதம்பர ரேவண சித்தர் சொற்களை முதலெழுத்தை வைத்து அடுக்கினார். நூலின் பெயர் அகராதி நிகண்டு. அகரத்தை ஆதியாகக் கொண்டது அகராதி. பொருள் சொல்லும் நூலுக்கு அது அடுக்கப்பட்ட முறையையே பெயராக வைத்த மொழி நம்முடையது! 1732-இல் வீரமாமுனிவர் சதுரகராதியைத் தொகுத்தார். 1924 முதல் 1936 வரை சென்னைப் பல்கலைக்கழகம் ஆறு தொகுதிகளாகக் கொண்டுவந்த பேரகராதியைப் பார்த்து ஒரு நுணுக்கத்தைக் குறித்துக்கொண்டேன்: புள்ளி வைத்த மெய் முதலில், உயிர்மெய் பிறகு. அதனால்தான் அம்புஜம் முன், அமிர்தம் பின். யூனிகோடிலோ புள்ளியின் எண் 3021. எல்லா உயிர்க்குறிகளுக்கும் பின்னால்.

இந்தத் தேடலின்போது ஐராவதம் மகாதேவன் அடிக்கடி நினைவுக்கு வந்தார். சிந்துவெளி எழுத்துகளின் தொடரடைவை 1977-இல் அவர் வெளியிட்டபோது, கணினி வேலைக்குத் துணை நின்றது இதே ஊரின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையம். படிக்கவே தெரியாத எழுத்து அது. அதற்கு அகரம் ஏது, னகரம் ஏது? 417 குறிகளுக்கும் அவரே ஓர் எண் கொடுத்தார். அந்த எண்ணைக்கொண்டு ஒவ்வொரு குறியும் எங்கெங்கே, எதற்குப் பக்கத்தில் வருகிறது என்று வரிகளைப் பிரித்து அடுக்கினார். வரிசை இல்லாத இடத்தில் ஒருவர் வரிசையை உண்டாக்கியிருக்கிறார். இருக்கிற வரிசையை இயந்திரத்திடம் சொல்ல எனக்கு ஒரு சாயங்காலம் போதாதா?

போதுமானதாக இருந்தது. உயிருக்கு 1 முதல் 12, ஆய்தம் 13, க 14 தொடங்கி ன 31, அதன் பிறகு ஜ, ஷ, ஸ, ஹ. ஒவ்வொரு எழுத்துக்கும் இரண்டிலக்க எண். அதை ஒட்டி, புள்ளியானால் 00, அகரமானால் 01, ஆகாரமானால் 02 என்று இன்னோர் இரண்டிலக்கம். ஒரு சிறிய ‘ஆக்’ நிரல் ஒவ்வொரு பெயரையும் இப்படி எண்ணாக்கி, வரியின் தலையில் புது ஃபீல்டாக ஒட்டியது. கமலா 140123012602. கனகம் 1401310114012300. ‘சார்ட்’ அந்த எண்ணைப் பார்த்து அடுக்கியது. வேலை முடிந்ததும் ‘கட்’ அந்த முதல் ஃபீல்டை வெட்டி எறிந்தது. இயந்திரத்துக்குத் தெரிந்த மொழியிலேயே தொல்காப்பியர் வரிசையைச் சொல்லியாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை காலை புதுப் பட்டியலோடு போனேன். மாமா காபி டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு நேரே நான்காம் பக்கத்துக்குப் போனார். விரல் காமாட்சியில் இறங்கியது, ஒரு வரி மேலே நகர்ந்தது, நின்றது. கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. பிறகு சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து, கட்டிடத்தின் பெயரை அடித்தார்.

“இது பழைய பேருடா. இடிச்சுக் கட்டினப்பவே மாத்திட்டா. அவ இருந்தப்பவே மாறியாச்சு.”

புதுப் பெயரை ஓரத்தில் எழுதிக் கொடுத்தார். அந்தக் கட்டிடத்தில் இன்னும் பதினோரு பேர் பட்டியலில் இருக்கிறார்கள். இரண்டாவது ஃபீல்டு.