மரக்குதிரையும் உயிர்க்குதிரையும்

யாழ்ப்பாண நகரிலிருந்து காங்கேசன்துறை வீதி வழியே வடக்கு நோக்கிச் சென்றால், கோண்டாவிலுக்கு அப்பால் வருவது நம் இணுவில். செம்மண் தோட்டங்களும், தவிலோசையும், கந்தசுவாமி கோவிற் பெருமஞ்சமும் இவ்வூருக்குப் புகழ் தந்தவை. குதிரையேறும் ஊரன்று இது. நாம் அறிந்த குதிரை, வேட்டைத் திருவிழாவிலே முருகப்பெருமானைச் சுமக்கும் மர வாகனம் ஒன்றே. வெடியோசைக்கும் அது வெருளாது.

இத்தகைய நமக்கு நாற்பது வயது கடந்தபின் குதிரையேற்றம் பயில நேர்ந்தது. வரும் விடுமுறையில் நுவரெலியாவிலே முதற் பாடம். மகளுக்கென ஒழுங்கு செய்ததுதான். "அப்பாவும் ஏறினால்தான் நானும் ஏறுவன்" என்று அவள் பிடிவாதமாய் நின்றுவிட்டாள். வெளியே நகைத்தோம், உள்ளே நடுங்கினோம்.

உயிர்க்குதிரையை முன்னதாகக் கண்டு வரலாமென்று நெடுந்தீவுக்குச் சென்றோம். குறிகட்டுவான் துறையிலிருந்து படகிலே ஏறக்குறைய ஒருமணி நேரப் பயணம். 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் அத்தீவிலே குதிரை வளர்த்தனர். அவர்களுடைய குதிரை லாயத்தின் கற்றூண்கள் இன்றும் நிற்கின்றன. கட்டற்றுத் திரியும் குதிரைகள் வரண்ட வெளியிலே மேய்ந்துகொண்டிருந்தன. மகள் ஆவலோடு ஒன்றன் பின்புறமாக ஓடினாள். அதன் காதுகள் பின்மடிந்தன. பாய்ந்து சென்று அவளைப் பற்றி இழுத்தோம். குதிரை விலகி ஓடிற்று.

"கோயில் குதிரை இப்படி ஓடாதே அப்பா!" என்றாள்.

கண்கள் தலையின் இருபுறமும் அமைந்தமையால் குதிரை சுற்றிலும் பெரும்பகுதியைக் காணும். ஆனால் தனக்கு நேர்பின்னே நிற்பவரைக் காணாது. காணாததற்கு அஞ்சும், அஞ்சினால் ஓடும், அன்றேல் உதைக்கும். ஆதலின் அதன் இடத் தோட்பக்கமாக, மெல்லப் பேசிக்கொண்டே அணுகுதல் வேண்டும். ஏறுவதும் இடப்புறமாகவே வழக்கம்.

வீடு திரும்பி ஆயத்தங்களைத் தொடங்கினோம். கால் முழுவதும் மூடும் காற்சட்டை. அங்கவடிக்குள்ளே பாதம் நழுவிப் புகாதபடி சிறு குதியுள்ள சப்பாத்து. குதிரையேற்றத்துக்கே உரிய தலைக்கவசம். மோட்டார் சைக்கிளுக்குரியது இதற்கு உதவாது. சேணத்திலே குதிகாலைத் தாழ்த்தி இருக்கப் பழகவேண்டுமாதலால், விறாந்தைப் படியின் விளிம்பிலே முன்பாதம் ஊன்றி நாளும் நின்றோம். "தம்பி, இதென்ன தவம்?" என்று அம்மா வினவினார்.

தவமேதான். மரக்குதிரையின் முன்னே கைகூப்பும் பணிவை உயிர்க்குதிரையின் முன்னும் கொண்டு செல்லவே இத்தனை பயிற்சியும். அச்சம் முற்றும் நீங்கியதென்று சொல்லோம். எங்கே நிற்கவேண்டும் என்பதை மட்டும் கற்றுக்கொண்டோம்.